உள்ளே நால்வர்

எடைமேடை என்னுடையதில்லை.
நான் லொரெட்டா வ்ரானா.
நெப்ராஸ்காவில், நெடுஞ்சாலை எண்பதின் ஓரம்,
பெட்ரோல் பங்க் ஒன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள்
இரவு வேலை.
லாரி ஏறும். எண் நிற்கும். பொத்தானை அழுத்துவேன்.
சீட்டு வரும், முத்திரை குத்துவேன்.
பதினான்கு டாலர்.
இதில் பொய் நுழைய இடமே இல்லையென்று
பதினோரு வருடம் நினைத்திருந்தேன்.

அக்டோபரில் வந்தது அந்த லாரி.
பக்கவாட்டில் ‘அன்பான கைகள்’,
கீழே இரண்டு உள்ளங்கைகள் ஒரு வீட்டை ஏந்தும் படம்.
முன்னால் நெருக்கியடித்து நான்கு பேர்.
ஓரத்துப் பையன் சூரியகாந்தி விதையைக் கொறித்துத்
தோலை என் மேடைமேல் துப்பிக்கொண்டிருந்தான்.
யாரும் இறங்கவில்லை.
ஏழு நிமிடம் முன்புதான், எங்கள் பங்கிலேயே,
கழுத்துவரை டீசல் நிரப்பியிருந்தார்கள்.
பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே அழுத்தினேன்.
மேடையில் எவ்வளவு நின்றது என்பதற்குச் சீட்டில் கட்டம் உண்டு.
என்ன நின்றது என்பதற்கு இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒருவர் வந்தார்,
போக்குவரத்துத் துறை விசாரணையாளர், டெல்பர்ட் ஹ்ரஸ்கா.
கோட்டெல்லாம் பனி.
காபி வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கோப்பை குடித்தார்.
புகார் கொடுத்தவர் ஆர்டித் ட்வைட்.
டுலூத்தில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
முழங்காலுக்கு இனிக் குளிர் ஆகாதென்று
டூசானுக்கு வெயில் தேடிப் போனவர்.
தொலைபேசியில் சொன்ன மதிப்பீடு மூவாயிரத்து இருநூறு.
புது வீட்டு வாசலில் கேட்டது ஏழாயிரத்து எண்ணூறு.
ரொக்கம்.
இல்லையென்றால் கதவு திறக்காது.

மதிப்பீட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால்
சாமானை இறக்கியே தீரவேண்டும்,
மிச்சத்துக்குப் பிறகு பில் அனுப்பிக்கொள்ளலாம்.
சட்டம் அப்படித்தான் என்றார் ஹ்ரஸ்கா.
அதைச் சொல்லும் கையேட்டை
அவர்கள்தான் அந்த அம்மாளுக்குத் தந்திருக்கவேண்டும்.
லாரியின் பின்விளக்கு மறைந்தபிறகு
நூலகத்தில் உட்கார்ந்து படித்தாராம்.

சாமான் பட்டியலை என் மேசையில் விரித்தார்.
அக்கார்டியன் ஒன்று: கீறல்.
உறைபெட்டி: நசுங்கல், கீறல்.
கணவரின் மீன்பிடிக் கழிகள், கட்டு: தேய்மானம்.
மெத்தை, உறைகூடப் பிரிக்காதது: கறை.
ஏற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும்
பேனாவாலேயே காயப்படுத்தியிருந்தார்கள்.
கடைசித்தாள் வெற்றுத்தாள்.
அதில் அந்த அம்மாளின் கையெழுத்து மட்டும்,
கோணாமல், பள்ளிப்பிள்ளை போட்டதுபோல.

டீசல் ரசீதைத் தேடி எடுத்தேன்.
நூற்று நாற்பது காலன். காலனுக்கு ஏழு பவுண்டு.
அதோடு நான்கு ஆண்கள்.
காகிதக் குவளையின் முதுகில் கூட்டினார்:
ஆயிரத்து எழுநூற்று இருபது.
அவர் வீட்டில் ஒருநாளும் இருந்திராத
மூன்று பியானோ.
விதை துப்பிய பையனும்
அவர் சரக்குதான், மைல் கணக்கில்.

சாமான் எங்கே என்றேன்.
ஏதோ ஒரு கிடங்கில். எந்த ஊர்க் கிடங்கு?
அந்த நிறுவனத்தின் எண் இப்போது அடிப்பதில்லை.
உங்கள் துறையில் எத்தனை பேர்?
இந்தப் பகுதிக்கு இரண்டு, என்றார்.
இன்னொருவர் விடுப்பில்.

அவர் போனபின் முத்திரையை எடுத்துப் பார்த்தேன்.
‘சான்றளிக்கப்பட்ட எடை’.
ரப்பர் தேயவேயில்லை.

அன்றிலிருந்து சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதுகிறேன்:
உள்ளே இருவர். டேங்க் பாதி.
யாரும் எழுதச் சொல்லவில்லை.
ஓட்டுநர்கள் முறைக்கிறார்கள், சிலர் அடுத்த பங்குக்குப் போகிறார்கள்.
முதலாளி ஒருமுறை கேட்டார்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளை லாரி.
புதுப் பெயர், புதுப் படம், ஒரு நாரை.
வெள்ளைப் பூச்சுக்கு அடியில்
மங்கலாகப் பத்து விரல்கள்.
மைக்கை எடுத்தேன்.
தொண்டை காய்ந்திருந்தது.
“இறங்குங்கள். நால்வரும்.”

கொஞ்சநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எஞ்சின் மட்டும் உறுமியது.
பிறகு ஓரத்துக் கதவு திறந்து
முதலில் அந்தப் பையன் குதித்தான்,
வாயில் விதையோடு.

எண் குறையத் தொடங்கியது.